கூட்டத்துக்குப் போனால் வயலை யார் பார்ப்பது?

(மதுரையில் விவசாயக் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாடிப்பட்டியிலிருந்து வந்திருக்கிறீர்கள், மேலூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். பேரையூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயிகள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. உங்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி. இன்றைக்கு உங்கள் வயலுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்? காலையில் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றியது யார்? சிரிக்கிறீர்கள். பதில் எனக்கும் தெரியும். அவர்கள் இந்த மண்டபத்தில் இல்லை. இருநூறு நாற்காலி போட்ட இடத்தில் பெண்கள் முன்வரிசை ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். அந்த வரிசையிலும் இரண்டு பேர் செல்போனை எடுத்து, "மோட்டாரை நிறுத்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விவசாயிக்காக யார் பேசுவது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. அதை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பேசுகிறவர் பேசப் போகும்போது அவர் வீடு என்ன விலை கொடுக்கிறது? அந்த விலையைக் குடும்பம் கொடுக்கிறதென்றால், தலைமையும் குடும்பத்துக்கு ஏன் போகக் கூடாது? என் பேச்சு இதைச் சுற்றித்தான் இருக்கும்.

மேலூரிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 2024 நவம்பர் 7-ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. பரப்பு 2,015 ஹெக்டேருக்குச் சற்று மேல். நம் கணக்கில் ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டி வருகிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஏழு மலைகளுக்கு நடுவே குடைவரைக் கோயிலும், இரண்டாயிரம் ஆண்டு கடந்த தமிழி எழுத்துக் கல்வெட்டும், லகார் வல்லூறும் இருக்கிற ஊர். இதெல்லாம் பத்திரிகையில் வந்தது. பத்திரிகையில் குறைவாக வந்தது ஒன்று உண்டு. அந்த மலைகளில் விழும் மழைதான் ஓடை ஓடையாக இறங்கிக் கீழே உள்ள கண்மாய்களை நிரப்புகிறது. அரிட்டாபட்டியில் மட்டும் கண்மாயும் குளமுமாக 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்று அரசின் பல்லுயிர்த் தல அறிவிப்பே சொல்கிறது. மலையைத் தோண்டினால் ஆனைகொண்டான் கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து வரும்? இதைக் கேட்க ஆய்வாளர் தேவைப்படவில்லை. மடையைத் திறந்து மூடிப் பழகியவருக்கே தெரியும்.

ஏலச் செய்தி வந்த இரண்டே வாரத்தில், நவம்பர் 23 கிராம சபைகளில் தீர்மானங்கள் வந்தன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24-இல் மத்திய அரசு மறு ஆய்வு என்றது. "மறு ஆய்வு வேண்டாம், ரத்து வேண்டும்" என்றார்கள் ஊர்க்காரர்கள். ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். நாற்கரச் சாலையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தலை. பதினோராயிரம் பேருக்கு மேல் வழக்கும் போட்டார்கள். அது பின்னால் திரும்பப் பெறப்பட்டது. ஜனவரி 22-இல் ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் மத்திய அமைச்சர் கிஷன் ரெட்டியைப் பார்த்தார்கள். மறுநாள் ஏலம் ரத்து.

இரண்டரை மாதம்! ஒரு பட்டா மாறுதலுக்கே இதைவிட அதிக நாள் நடக்கிறவர்கள் நாம்.

இந்த வெற்றியில் கட்சிகளுக்குப் பங்கு உண்டு, சட்டமன்றத்துக்கும் உண்டு. ஆனால் "இந்தப் போராட்டத்தின் தலைவர் யார்?" என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல உங்களால் முடியாது. அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வீட்டுக்கு வீடு ஆள் வந்தது. ஜனவரி முதல் வாரம் என்பது மேலூர் ஒருபோகப் பாசனத்தில் கதிர் முற்றிக் கிடக்கிற நேரம், அறுவடைக்கு நாள் எண்ணுகிற நேரம். அப்போது ஒரு வீட்டில் எல்லோரும் சாலைக்கு வர முடியாது. அப்பா நடந்தால் மகன் களத்தில் நின்றான். மாமியார் வல்லாளப்பட்டியில் பந்தலில் உட்கார்ந்தால் மருமகள் மாட்டைப் பார்த்தாள். மறுநாள் ஆள் மாறியது. இந்த முறைமாற்றத்தை யாரும் உத்தரவு போட்டு நடத்தவில்லை. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய ஊர்களுக்கு அது தானாக வரும்.

இப்போது நான் சொல்லப் போவது சிலருக்கு உவப்பாக இருக்காது. அந்த இரண்டரை மாதத்தில் நாம் காட்டிய ஒழுங்கு மற்ற மாதங்களில் எங்கே போகிறது?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. போனவர்களுக்குத் தெரியும். வாசலில் மேசை போட்டு மனுவுக்கு எண் போடுவார்கள். உள்ளே ஆட்சியர் நடுவில், இரண்டு பக்கமும் வேளாண்மை, நீர்வளம், மின்வாரியம், கூட்டுறவு, நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று அதிகாரிகள். நமக்கு ஒரே ஒரு மைக். அந்த மைக்கை யார் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். வருஷக்கணக்காக அதே பதினைந்து, இருபது பேர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லையென்றால் அந்தக் கூட்டமே இல்லை. சொந்தக் காசில் பஸ் ஏறி, டீக்கடையில் உட்கார்ந்து மனு எழுதி, கலுங்கு உடைந்த கதையை ஆறாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அடுத்து யார்?

அங்கே எழுப்பப்படுகிற விஷயங்களைப் பாருங்கள். கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதம். நெல் வெட்டவெளியில் கிடக்கிறது, மழை வந்தால் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடும், எடுக்க மாட்டோம் என்பார்கள். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று எடைபோடும் இடத்தில் காசு கேட்கிறார்கள் என்ற புகார். பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி. உசிலம்பட்டியில் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் எப்போது விடுவீர்கள் என்ற இருபது வருஷத்துக் கேள்வி. அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 2019-க்குப் பிறகு அரவை இல்லாமல் நிற்கிறதே என்ற கரும்பு விவசாயிகளின் வயிற்றெரிச்சல். இவற்றில் ஒன்றுக்காகவும் ஆயிரக்கணக்கானோர் தல்லாகுளத்துக்கு நடக்க மாட்டார்கள். நடக்கவும் முடியாது. இவையெல்லாம் நச்சரித்து நச்சரித்து வாங்க வேண்டியவை. தேதி குறித்து வைத்து, போன மாத மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "பதில் கடிதம் வந்தது, ஆனால் வேலை நடக்கவில்லை" என்று சொல்ல வேண்டியவை. அதற்கு வீரம் போதாது, ஃபைல் வேண்டும். அந்த ஃபைலை ஒரு குடும்பம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனி மனிதரை நம்பி நடந்த கதையும் நமக்குத் தெரியும். கோவை வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-இல் கோவை நகரத் தெருக்களில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி நகரத்தையே அசையாமல் செய்தவர். தமிழக விவசாயிகள் சங்கத்தை ஊர் ஊராகக் கட்டியவர். பச்சைத்துண்டு என்றால் அதிகாரி எழுந்து நிற்கிற காலம் அது. 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் காலமானார். அதற்குப் பிறகு சங்கம் எத்தனையாகப் பிரிந்தது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பல நிறத் துண்டுகளே சொல்லும். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அவர் தொடங்கிவைத்த கோரிக்கைதான் அது. வாங்கும்போது அவர் இல்லை. அவ்வளவு பெரிய மனிதரே போன பிறகு இயக்கம் சிதறியதென்றால், அதற்குக் காரணம் அவரல்ல. அவருக்குப் பின்னால் நின்ற ஆயிரக்கணக்கான வீடுகளில், பேசத் தெரிந்த இன்னொரு ஆளை நாம் வளர்க்கவில்லை.

நம் மாவட்டத்துச் சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரி. நிலமில்லாத விவசாயக் கூலி. பள்ளிக்கூடம் போகாதவர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களைச் சேர்த்துக் கொண்டுபோகிற கொத்துக்குத் தலைவியாக இருந்து, கூலியை நிலக்காரரிடம் நேருக்கு நேர் பேசி வாங்கியவர். ஒரு ஏக்கர் நடவுக்கு எத்தனை ஆள், எத்தனை நேரம், இந்த வயலில் களை எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். கூடுதலாகச் சொன்னால் நிலக்காரர் வேறு கொத்தைக் கூப்பிடுவார், குறைத்துச் சொன்னால் தன் கூட்டத்துப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். அப்படி நின்று பேசிப் பழகிய வாய் அது. களஞ்சியம் பெண்கள் இயக்கத்துக்கு அவர் தலைவியானது அந்தப் பயிற்சியில்தான். 2001-இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ. எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லோரும் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது: 2024-இல் தனக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை என்று அவரே பேச வேண்டி வந்தது. அதன் பிறகுதான் தமிழக அரசு வீடு கட்டிக் கொடுக்க உத்தரவிட்டது. ஊருக்காகப் பேசுகிறவர் வீட்டைப் பற்றி ஊர் யோசிக்கவில்லை.

கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் தம்பதியையும் நினைத்துக்கொள்வோம். கிருஷ்ணம்மாளின் ஊர்ப் பக்கமான பட்டிவீரன்பட்டி அன்றைக்கு மதுரை மாவட்டம். 1950-இல் திருமணம். பூதானம், கோயில் நிலம், கீழவெண்மணிப் படுகொலைக்குப் பிறகு தஞ்சைத் தரணி, பிறகு இறால் பண்ணை எதிர்ப்பு. ஒருவர் சிறையில் இருக்கும்போது இன்னொருவர் ஊரில். 1981-இல் நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத்தர லாப்டி அமைப்பைத் தொடங்கியபோது இருவரும் நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் காந்தியவாதிகள், நம்மைப் போன்ற சம்சாரிகள் அல்லர் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் வேலை நிற்காமல் நடந்ததற்குக் காரணம் இரண்டு பேருக்கும் எல்லா வேலையும் தெரிந்திருந்ததுதான். ஒருவர் பேசுபவர், மற்றவர் சோறு போடுபவர் என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை.

நம் வீடுகளில் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். சட்டமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள சாகுபடி உடைமைகளில் பெண்கள் பெயரில் நடப்பவை சுமார் 14 விழுக்காடு. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே விவசாயி. பிரதமரின் வருடாந்திர 6,000 ரூபாயும் அவருக்கு, இப்போது எடுக்கிற தனித்துவ விவசாயி எண்ணும் அவருக்கு. நாற்று நட்டவர், களை எடுத்தவர், மாட்டுச்சாணத்தைச் சுமந்தவர் எவரும் அந்தப் பதிவேட்டில் இல்லை. வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிர் செய்கிறவர்களுக்கும் இதே கதிதான். வாய்ப்பேச்சில் மட்டும் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவர் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்குவதற்குள் பயிர்க் காப்பீட்டுக் கெடுவே முடிந்துவிடும். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு 1989-லேயே சட்டமாகிவிட்டது. நாட்டுக்கே அது வர 2005 ஆனது. சட்டம் முந்திக்கொண்டது, நம் வீட்டுப் பத்திரங்கள் இன்னும் பின்னால் வருகின்றன. ஐக்கிய நாடுகள் 2026-ஐப் பெண் விவசாயிகளின் சர்வதேச ஆண்டு என்று அறிவித்திருக்கிறது. சுவரொட்டி அடிக்கலாம், மாநாடு நடத்தலாம். ஒரு கூட்டுப் பட்டா அதைவிட வேலை செய்யும். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. இது தெரியாதவர்கள் இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள்.

தலைமை என்று மதுரை மாவட்டத்தில் பேசும்போது இன்னொன்றையும் மறைக்க எனக்கு மனமில்லை. மேலூர் பக்கத்து மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து ஆண்டுகள் தலித் தலைவரை உட்காரவிடவில்லை. டங்ஸ்டனுக்கு எதிராக எல்லா ஊரும் ஒன்றாக நின்றது உண்மை. அந்த ஒற்றுமை அம்பலக்காரர் கூடும் நாட்டுக் கூட்டத்தில் பெண்ணுக்கும், காலனித் தெருக் குடும்பத்துக்கும் பாயில் இடம் கொடுத்ததா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிலம் உள்ளவர் மட்டும் விவசாயி, அந்த நிலத்தில் நாள் முழுக்கக் குனிகிறவர் கூலி என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு நம் கோரிக்கைக்கு அவர்கள் ஏன் வர வேண்டும்?

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். அமெரிக்காவில் 1919-இல் சிகாகோவில் கூடி விவசாயக் கூட்டமைப்பொன்றைத் தொடங்கினார்கள். ஃபார்ம் பீரோ என்று பெயர். அங்கே சேருவது குடும்பத்தோடு. 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்து, இளம் தம்பதிகளை மேடைப் பேச்சுக்கும் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திப்பதற்கும் பழக்குகிறார்கள். எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுடைய சராசரிப் பண்ணை 463 ஏக்கர். தமிழ்நாட்டில் சராசரி உடைமை இரண்டு ஏக்கர்கூட இல்லை. அவர்கள் பேசப் போனால் டிராக்டர் ஓட்ட ஆள் இருக்கும். நாம் பேசப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் இளம் வயதிலேயே கணவன் மனைவி இருவரையும் பழக்குவது என்ற அந்த ஒரு காரியத்துக்குப் பெரிய பண்ணை தேவையில்லை.

நமக்கே பழைய ஏற்பாடு இருக்கிறது. பெரியாறு – வைகைப் பாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே உள்ள மேலூர் ஒருபோகமும், தனியாகப் போகும் திருமங்கலம் பிரதானக் கால்வாயும் சேர்ந்து 1,05,002 ஏக்கர். அணையில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருஷம், யாருக்கு எத்தனை நாள் என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் வேர். மேல்மடைக்காரர் ஒருநாள் கூடுதலாகத் திறந்துவைத்தால் கடைமடைக்காரரின் நெல் பால்பிடிக்கிற நேரத்தில் கருகும். இதைத் தீர்ப்பதற்கு ஊருக்கு ஊர் நீர்ப்பாய்ச்சி இருந்தார். இன்ன மடைக்கு இன்ன வீடு என்று முறை இருந்தது. வீட்டுக்காரர் வெளியூர் போனால் அந்த வீட்டிலிருந்து வேறு ஆள் மண்வெட்டியுடன் வந்து நின்றார். பொறுப்பு வீட்டுக்குத்தான் இருந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் வந்தது, தேர்தல் வந்தது, தலைவர் வந்தார், லெட்டர்பேடும் வந்தது. நல்லதுதான். ஆனால் பல ஊர்களில் தலைவர் இருக்கிறார், அந்த வீட்டுமுறை போய்விட்டது. வரத்துக் கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும்போது "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று எல்லோரும் போகிறோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமில்லை. கண்மாய்க்கு ஐந்து வீடுகளாவது தாமாக முன்வர வேண்டும். அந்த ஐந்தில் ஒரு வீடு நிலமில்லாத குடும்பமாக இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். மனுப் புத்தகம் ஒன்று: என்றைக்கு, யாரிடம், என்ன கேட்டோம், என்ன பதில். கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு அதை எழுதுகிற வேலை. குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இந்த மாதம் ஒரு வீட்டிலிருந்து போனால் அடுத்த மாதம் வேறு வீடு. போகிற வீட்டின் வயலுக்கு அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் மாட்டைப் பார்ப்பதும் மற்ற நான்கு வீடுகளின் பொறுப்பு. பஸ் செலவு கண்மாய் மீன் ஏலக் காசிலிருந்து போகட்டும். அந்தக் காசை ஊர்த் திருவிழாவுக்கு மைக்செட் போடச் செலவழிக்கும்போது இதற்கும் செலவழிக்கலாம்.

முதல் இரண்டு மூன்று தடவை பெண்கள் மைக்கைப் பிடிக்கத் தயங்குவார்கள். ஆண்கள் பின்னாலிருந்து வாக்கியத்தை எடுத்துக் கொடுப்பார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் இரவெல்லாம் நெல் காவலுக்குப் படுத்தவர் அவர். தார்ப்பாய் எந்த இடத்தில் கிழிந்தது, எத்தனை மூட்டையில் முளை விட்டது என்று அவருக்குத் தெரியும். சின்னப்பிள்ளை அம்மாவுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கான தேதியை ஆட்சியர் அலுவலகம் அறிவித்தவுடன் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்தக் கண்மாய், எந்தெந்த வீடுகள், முதல் மனு எதைப் பற்றி என்பதை இன்று சாப்பாட்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்தால் நல்லது. அதற்கான தாள் பின்வரிசையில் இருக்கிறது. நான் சொன்னதில் உடன்பாடு இல்லாதவர்கள், குறிப்பாக நீண்ட காலமாகச் சங்கம் நடத்துகிற பெரியவர்கள், மேடைக்கு வந்து சொல்லலாம். முன்வரிசைத் தாய்மார்கள் பேசி முடித்த பிறகு.